அமெரிக்கத் தனியார் பள்ளியில் கல்லூரி ஆலோசனைப் பிரிவின் தலைமைப் பொறுப்பு: முதல் ஆண்டுக்கான வழிகாட்டி

‘கவுன்சலிங்’ என்றால் தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. கட்-ஆஃப், ரேங்க் லிஸ்ட், விருப்பக் கல்லூரிகளை வரிசைப்படுத்துவது, ஒதுக்கீட்டு ஆணை. பொறியியல் சேர்க்கையில் 200க்கு எவ்வளவு என்று தெரிந்த அன்றே பாதி முடிவு தெரிந்துவிடும். அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் அதே சொல் வேறொரு வேலையைக் குறிக்கிறது. இங்கே எல்லாக் கல்லூரிகளுக்கும் பொதுவான வரிசைப் பட்டியல் கிடையாது. ஒவ்வொரு கல்லூரியும் தன் சேர்க்கை அதிகாரிகளை வைத்து, மதிப்பெண், எடுத்த பாடங்கள், மாணவர் எழுதிய கட்டுரை, ஆசிரியர் கடிதம், பள்ளியின் கடிதம் எல்லாவற்றையும் படித்துத் தானே முடிவெடுக்கிறது. அந்தப் பிள்ளைக்கும் கல்லூரிக்கும் நடுவே பள்ளியின் சார்பில் நிற்பவர்தான் கல்லூரி ஆலோசகர்.

அரசுப் பணத்தை நம்பாமல் கட்டணத்திலும் நன்கொடையிலும் ஓடி, அறங்காவலர் குழுவால் நடத்தப்படும் பள்ளிகளை இங்கே இன்டிபென்டன்ட் ஸ்கூல் என்பார்கள். அரசுப் பள்ளி ஆலோசகர் ஒருவர் பல நூறு பிள்ளைகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கம் 250 பேருக்கு ஒருவர் என்று பரிந்துரைத்தாலும் பல மாநிலங்களில் அது எட்டாத கனவு. தனியார் பள்ளியில் கல்லூரி வேலைக்கென்றே தனிப் பிரிவு இருக்கும். ஓர் ஆலோசகரிடம் 12ஆம் வகுப்பில் 30, 40 பிள்ளைகள் இருந்தாலே அதிகம். வசதி பெரிது, எதிர்பார்ப்பு அதைவிடப் பெரிது.

ஒன்பது ஆண்டுகள் கணிதம் நடத்திவிட்டு, ஆலோசகராகி, பிறகு பிரிவின் பொறுப்புக்கு வந்தவள் நான். இப்போது இந்த நாட்டிலும், இந்தியாவின் சர்வதேசப் பள்ளிகளிலும் நம்மவர்கள் பலர் இந்த நாற்காலிக்கு வருகிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன். முழுக்கட்டுரையிலும் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வரும், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாணவரிடம் ஒன்று, பெற்றோரிடம் ஒன்று, கல்லூரியிடம் ஒன்று என்று மூன்று விதமாகப் பேசி இந்த வேலையை நடத்த முடியாது. மூன்று பேரிடமும் ஒரே உண்மையைச் சொல்லத் தெரிந்தால் மற்ற எல்லாவற்றையும் கற்றுக்கொள்ளலாம்.

முதல் படி: ஜூலை மாதம் எதையும் மாற்றாதீர்கள்

பெரும்பாலும் ஜூலை 1 அன்று வேலையில் சேருவீர்கள். பள்ளி காலியாக இருக்கும். இந்த ஐந்தாறு வாரங்கள் பிறகு கிடைக்காது. முந்தைய ஐந்து ஆண்டுகளின் விண்ணப்பங்களையும் முடிவுகளையும் எடுத்து வைத்துப் படியுங்கள். யார் எங்கே விண்ணப்பித்தார்கள், எங்கே இடம் கிடைத்தது, எங்கே போனார்கள், பணம் எவ்வளவு கிடைத்தது. அதோடு உங்களுக்கு முன்பிருந்தவர் எழுதிய பரிந்துரைக் கடிதங்களில் இருபதாவது படியுங்கள். பள்ளி தன் பிள்ளைகளை எப்படிப் பார்க்கிறது என்பது அங்கே தெரியும்.

நவியன்ஸ், ஸ்காயர் போன்ற மென்பொருள் ஏதாவது ஒன்று பள்ளியில் இருக்கும். அதில் ஸ்கேட்டர்கிராம் என்று ஒரு வரைபடம் வரும்: ஒரு அச்சில் ஜிபிஏ (பள்ளிப் பாடங்களின் சராசரி மதிப்பெண்), இன்னொன்றில் எஸ்ஏடி (கல்லூரிச் சேர்க்கைக்கான பொதுத் தேர்வு) மதிப்பெண், பச்சைப் புள்ளி என்றால் இடம் கிடைத்தது, சிவப்பு என்றால் இல்லை. பெற்றோர் இதைப் பார்த்து மயங்கிவிடுவார்கள். ஐந்து ஆண்டுகளில் ஒரு கல்லூரிக்கு உங்கள் பள்ளியிலிருந்து எட்டுப் பேர்தான் விண்ணப்பித்தார்கள் என்றால், அந்த எட்டுப் புள்ளிகளில் இரண்டு விளையாட்டு வீரர்களுடையதாக இருக்கலாம், ஒன்று அங்கே படித்தவரின் மகளுடையதாக இருக்கலாம். வரைபடம் அதைச் சொல்லாது. இன்னொன்று, சிறிய பள்ளியில் அந்தத் தனிப் புள்ளி யாருடையது என்று பக்கத்து வீட்டுக்காரர் கண்டுபிடித்துவிடுவார். புள்ளிகள் குறைவாக உள்ள கல்லூரிகளின் வரைபடத்தை மறைத்து வையுங்கள்.

இதே மாதத்தில் மூன்று பேரோடு உட்கார்ந்து பேசுங்கள்: பள்ளித் தலைவர், ட்ரான்ஸ்கிரிப்ட் (மதிப்பெண் பதிவேடு) அனுப்பும் பதிவாளர், 11ஆம் வகுப்பு ஆங்கில ஆசிரியர். முதலாமவரிடம் கேட்க வேண்டியது ஒன்றே: “அறங்காவலர் ஒருவரின் பிள்ளை விஷயத்தில் எனக்கு அழுத்தம் வந்தால் நீங்கள் என் பக்கம் நிற்பீர்களா?” பதிலை ஜூலையிலேயே கேட்டுவிடுவது நல்லது. நவம்பரில் கேட்டால் அது வேறு மாதிரி உரையாடலாகிவிடும்.

இரண்டாம் படி: ஸ்கூல் ப்ரொஃபைல்

புதிதாக வருபவர்கள் இதை ஒரு விளம்பரத் தாள் என்று நினைத்து, பள்ளிக் கட்டடத்தின் படத்தைப் போட்டுவிட்டு விட்டுவிடுகிறார்கள். உங்கள் பள்ளியின் ஒவ்வொரு விண்ணப்பத்தோடும் போகும் இரண்டு பக்கம் இது. எங்கோ ஓர் அலுவலகத்தில், ஒரு நாளில் பல கோப்புகளைப் படிக்க வேண்டிய சேர்க்கை அதிகாரி, உங்கள் பள்ளியில் பி ப்ளஸ் என்றால் என்ன அர்த்தம் என்று தெரிந்துகொள்ளும் ஒரே இடம். கல்லூரி இந்தப் பிள்ளையை இன்னொரு பள்ளிப் பிள்ளையோடு மட்டும் ஒப்பிடுவதில்லை. உங்கள் பள்ளி கொடுத்த வாய்ப்புகளில் இவர் எதை எடுத்துக்கொண்டார் என்றும் பார்க்கிறது. அந்த வாய்ப்புகளின் பட்டியல்தான் ப்ரொஃபைல்.

அதில் கட்டாயம் இருக்க வேண்டியவை: மதிப்பெண் முறை, ஜிபிஏ கணக்கிடும் விதம், கடினப் பாடங்களுக்குக் கூடுதல் எடை உண்டா, பள்ளி ரேங்க் போடுமா போடாதா, உயர்நிலைப் பாடங்கள் என்னென்ன, ஒரு மாணவர் அதிகபட்சம் எத்தனை எடுக்கலாம், 11ஆம் வகுப்பின் மதிப்பெண் பரவல். ரேங்க் போடாத பள்ளிக்கு அந்தப் பரவல் மிக முக்கியம். ஏபி பாடங்களை (பள்ளியிலேயே படிக்கும் கல்லூரித் தரப் பாடங்கள்) விட்டுவிட்ட பள்ளி என்றால் அதை முதல் பக்கத்திலேயே சொல்ல வேண்டும். 2018இல் வாஷிங்டன் பகுதியின் எட்டுத் தனியார் பள்ளிகள் ஒன்றாகச் சேர்ந்து ஏபி பாடங்களைக் கைவிடுவதாக அறிவித்தன. அப்படி முடிவெடுத்தால், அதற்குப் பதிலாக எந்தப் பாடம் வைத்திருக்கிறோம், அது எவ்வளவு கடினம் என்று கல்லூரிக்கு விளக்கும் பொறுப்பு உங்களுடையது.

எங்கள் பள்ளியில் நடந்தது. ஒரு கல்லூரியின் அதிகாரி தொலைபேசியில் கேட்டார்: “உங்களிடம் கால்குலஸ் பிசி இருக்கிறது. பொறியியல் கேட்கும் இந்தப் பெண் ஏன் அதை எடுக்கவில்லை?” பிசி என்பது நுண்கணிதத்தின் உயர்நிலைப் பாடம். அவள் 9ஆம் வகுப்பில் எங்கள் பள்ளிக்கு வந்தபோது ‘அல்ஜிப்ரா 1’ என்ற தொடக்கநிலைப் பாடத்தில்தான் சேர்க்கப்பட்டாள். அங்கிருந்து தொடங்கினால், கோடை வகுப்புக்குத் தனியாகப் பணம் கட்டாமல் பிசிக்குப் போகவே முடியாது. எங்கள் பள்ளியில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எழுத்தில் எங்குமே இல்லை. அந்த அதிகாரி கேட்டதால் சொன்னேன். கேட்காமல் விட்டவர்கள் எத்தனை பேரோ. அந்த வாரமே கணிதப் பாடங்களின் வரிசையை ஒரு சிறு படமாகப் போட்டு ப்ரொஃபைலில் சேர்த்தோம். உங்கள் பள்ளித் தாளை உங்கள் பள்ளியைப் பற்றி எதுவும் அறியாத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவர் கேட்கும் கேள்விகள்தான் அதில் இல்லாத வரிகள்.

மூன்றாம் படி: ஆண்டு அட்டவணை

9, 10ஆம் வகுப்புப் பிள்ளைகளிடம் கல்லூரியைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். பாடத் தேர்வுக்கு உதவுங்கள், பெற்றோருக்கு ஆண்டுக்கு ஒரு மாலைக் கூட்டம் போதும். 11ஆம் வகுப்பு ஜனவரியில்தான் உண்மையான தொடக்கம். முதலில் மாணவரோடு தனியாக, பிறகு குடும்பத்தோடு. ஏப்ரல், மே மாதங்களில் பரிந்துரை எழுதும் இரு ஆசிரியர்களை மாணவரே நேரில் போய்க் கேட்க வேண்டும். ஓர் ஆசிரியருக்கு இத்தனை கடிதம்தான் என்று வரம்பு வையுங்கள். வரம்பில்லாவிட்டால் நன்றாகப் பாடம் நடத்தும் இயற்பியல் ஆசிரியர் ஒருவரே நாற்பது கடிதம் எழுதுவார், நாற்பதும் ஒரே மாதிரி இருக்கும்.

ஆகஸ்ட் 1 அன்று, பல கல்லூரிகளுக்கும் பொதுவான இணைய விண்ணப்பமான காமன் ஆப் புதிய ஆண்டுக்குத் திறக்கும். 250 முதல் 650 சொல் வரை ஒரு கட்டுரை, பத்துச் செயல்பாடுகள் வரை ஒரு பட்டியல், 20 கல்லூரிகள் வரை. கட்டுரையில் நீங்கள் கை வைக்கும் அளவுக்கு ஒரு கோடு வேண்டும். நான் கேள்விகளை மட்டும் ஓரத்தில் எழுதுவேன், வாக்கியத்தைத் திருத்துவதில்லை. செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது என்பதையும் ஆகஸ்டுக்கு முன்பே எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் தனி: நவம்பர் இறுதிக் கெடு, எஸ்ஏடியைப் பார்ப்பதே இல்லை, பொதுவாகப் பரிந்துரைக் கடிதமும் கேட்பதில்லை. தேர்வு விஷயத்தில் ஆண்டுதோறும் ஒவ்வொரு கல்லூரியின் பக்கத்தையும் நீங்களே திறந்து பாருங்கள். கொரோனாவின்போது பெரும்பாலான கல்லூரிகள் தேர்வைத் தளர்த்தின. பிறகு எம்ஐடி 2022இலும், டார்ட்மத், யேல், பிரவுன், ஹார்வர்டு, கால்டெக் ஆகியவை 2024இலும் தேர்வை மீண்டும் கட்டாயமாக்குவதாக அறிவித்தன. போன ஆண்டு சொன்னதை இந்த ஆண்டும் சொல்லி ஒரு பிள்ளையின் வாய்ப்பைக் கெடுத்துவிடக் கூடாது.

செப்டம்பர், அக்டோபரில் கல்லூரிப் பிரதிநிதிகள் பள்ளிக்கு வருவார்கள். நவம்பர் 1 வாக்கில் முன்கூட்டிய விண்ணப்பங்கள், டிசம்பர் நடுவில் அவற்றின் முடிவுகள், ஜனவரித் தொடக்கத்தில் மற்ற விண்ணப்பங்கள், பிறகு அரையாண்டு மதிப்பெண், மார்ச் இறுதியில் முடிவுகள், மே 1 அன்று உறுதிப் பணம். உங்கள் பள்ளியின் உள்கெடு ஒவ்வொன்றும் கல்லூரிக் கெடுவுக்குக் குறைந்தது மூன்று வாரம் முன்னால் இருக்கட்டும்.

அலுவலக வேலையில் ஒரே ஒரு விதியை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: ட்ரான்ஸ்கிரிப்ட்டை இரண்டு பேர் பார்க்காமல் அனுப்பக் கூடாது. நான் பொறுப்பேற்ற முதல் இலையுதிர்காலத்தில் ஒரே குடும்பப் பெயர் கொண்ட இருவரின் தாள்கள் மாறி, ஒரு பையனின் மதிப்பெண் இன்னொருவன் பெயரில் 11 கல்லூரிகளுக்குப் போய்விட்டது. அன்று மாலையே அவனையும் பெற்றோரையும் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன், மறுநாள் காலை 11 கல்லூரிகளுக்கும் நானே தொலைபேசியில் பேசினேன். எல்லோரும் திருத்திக்கொண்டார்கள். அந்த அம்மா கடைசியில் கேட்டது: “இதை எங்களிடம் சொல்லாமலே சரிசெய்திருக்கலாமே, ஏன் சொன்னீர்கள்?” சொன்னதால்தான் மார்ச் மாதம் நான் சொன்ன கடினமான செய்தியையும் அவர் நம்பினார்.

நான்காம் படி: பட்டியல் போடும் கூட்டம்

இந்த வேலையின் நடு மையம் இதுதான். குடும்பம் எதிரே உட்கார்ந்திருக்கும், மேசையில் ஒரு தாள்.

ஒரு தமிழ்க் குடும்பம் வந்தது நினைவிருக்கிறது. அப்பா கையில் தரவரிசைப் பட்டியலின் முதல் 20, அச்செடுத்து, மஞ்சள் மார்க்கர் அடித்து. “மேடம், இந்த இருபதுக்கும் போட்டுடலாம். ஏதாவது ஒண்ணு கிடைக்காமலா போயிடும்?” பையன் தாளைப் பார்க்கவில்லை, சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா மெதுவாக, “அக்கா, அவனுக்கு எது பிடிக்கும்னு நீங்க கேட்டா சொல்லுவான். எங்ககிட்ட சொல்ல மாட்டேங்கிறான்” என்றார்.

அப்பாவின் கணக்கில் ஒரு பிழை இருந்தது, அன்போடு சொல்ல வேண்டிய பிழை. நூற்றுக்கு ஐந்து பேரை எடுக்கும் இருபது கல்லூரிகளுக்கு விண்ணப்பிப்பது இருபது லாட்டரிச் சீட்டு வாங்குவதைப் போன்றதில்லை. இருபதும் ஒரே கோப்பைத்தான் படிக்கின்றன. ஒரு கல்லூரிக்கு இருக்கும் தயக்கம் அடுத்ததற்கும் இருக்கக்கூடும். அதனால் நூற்றுக்கு இருபதுக்கும் குறைவாக எடுக்கும் எந்தக் கல்லூரியும், எவ்வளவு நல்ல மாணவருக்கும், எட்டாக் கிளைதான். எங்கள் பிரிவில் அதை ரீச் என்றே எழுதுவோம், விதிவிலக்கு இல்லை.

நான் செய்தது: தாளைத் திருப்பி வைத்துவிட்டு, நிச்சயம் கிடைக்கக்கூடிய கல்லூரியிலிருந்து தொடங்கினேன். பையனிடம், “இந்த ஆண்டு எந்த வகுப்பில் மணி அடித்ததே தெரியாமல் உட்கார்ந்திருந்தாய்?” என்று கேட்டேன். ரோபாட்டிக்ஸ் பட்டறையில், தானே லேத்தில் கடைந்த ஒரு பாகத்தைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினான். அப்பா அதை முதன்முறையாகக் கேட்கிறார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. அங்கிருந்துதான் இந்தியானாவின் ரோஸ்-ஹல்மன், மாசசூசெட்ஸின் ஓலின், கலிபோர்னியாவின் ஹார்வி மட் என்று பெயர்கள் வந்தன. சென்னையில் யாருக்கும் இந்தப் பெயர்கள் தெரியாது என்று அப்பா வருத்தப்பட்டார். உண்மைதான். நான் அதை மறுக்கவில்லை. அந்தக் கல்லூரிகளில் படித்தவர்கள் எங்கே வேலை பார்க்கிறார்கள் என்ற விவரத்தை அவரையே தேடிப் பார்க்கச் சொன்னேன். அவரும் தேடினார், பட்டியலும் மாறியது. மஞ்சள் அடித்ததில் நான்கு அப்படியே இருந்தன. அது அவர்கள் உரிமை.

புதியவர்கள் கையில் வைத்துக்கொள்ள வேண்டிய ஓர் ஆயுதம் காமன் டேட்டா செட். பெரும்பாலான கல்லூரிகள் ஆண்டுதோறும் வெளியிடும் புள்ளிவிவரத் தாள் அது. அதில் சி7 என்ற பகுதியில் கல்லூரி எதற்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கிறது என்று தானே குறித்திருக்கும்: பாடக் கடினம், மதிப்பெண், கட்டுரை, நேர்காணல், அங்கே படித்தவர் பிள்ளையா என்பது வரை. சி2 பகுதியில் காத்திருப்புப் பட்டியலில் எத்தனை பேர் இருந்தார்கள், கடைசியில் எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது என்று இருக்கும். வெயிட்லிஸ்ட்டில் நம்பிக்கை வைக்கும் குடும்பத்திடம் என் சொல்லைவிட அந்த எண் நேர்மையாகப் பேசும்.

“கிடைக்காது” என்று சொல்லாதீர்கள். உங்களுக்கு அது தெரியாது. “இந்த மதிப்பெண்ணோடு நம் பள்ளியிலிருந்து போன ஐந்து ஆண்டில் விண்ணப்பித்தவர்களுக்கு இப்படித்தான் நடந்தது” என்று சொல்லுங்கள். கூட்டம் முடிந்த அன்றே பேசியதைச் சுருக்கமாக மின்னஞ்சலில் எழுதி மூவருக்கும் அனுப்பிவிடுங்கள். ஏப்ரலில் நினைவுகள் மாறும், எழுத்து மாறாது.

ஐந்தாம் படி: பணத்தை 11ஆம் வகுப்பிலேயே பேசுங்கள்

தனியார் பள்ளியில் படிக்கிறார்கள், பணமிருக்கும் என்று நினைக்கக் கூடாது. பலர் பள்ளியின் உதவித்தொகையில் படிக்கிறார்கள், வேறு பலர் இரண்டு சம்பளத்தையும் கட்டணத்துக்கே கொடுத்துவிட்டுக் கையில் ஒன்றுமில்லாமல் இருக்கிறார்கள். கூட்டாட்சி அரசின் கல்வி உதவித் திட்டத்தில் உள்ள கல்லூரிகள் தங்கள் இணையதளத்தில் நெட் பிரைஸ் கால்குலேட்டர் (உதவித்தொகை போகக் குடும்பம் எவ்வளவு கட்ட வேண்டிவரும் என்று மதிப்பிடும் கருவி) வைத்திருக்க வேண்டும் என்பது கூட்டாட்சிச் சட்டம். பட்டியலில் ஒரு கல்லூரியைச் சேர்க்கும் முன் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அரசு உதவிக்கு ஃபாஃப்சா படிவம், பல தனியார் கல்லூரிகளுக்குக் கூடுதலாக சிஎஸ்எஸ் ப்ரொஃபைல் என்ற இன்னொரு படிவம். 2024-25 கல்வி ஆண்டுக்கான ஃபாஃப்சா வழக்கமான அக்டோபரில் திறக்காமல் 2023 டிசம்பர் கடைசியில்தான் திறந்தது. கல்லூரிகளுக்குத் தகவல் போய்ச்சேர மார்ச் ஆகிவிட்டது, மே 1 கெடுவைப் பல கல்லூரிகள் தள்ளிவைத்தன. அந்த ஆண்டு பணக்கணக்கை முன்கூட்டியே போட்டு வைத்திருந்த குடும்பங்கள்தான் நிம்மதியாக இருந்தன.

நம் மக்களுக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு, இதைப் பல ஆலோசகர்களே அறிவதில்லை. ஹெச்-1பி வேலை விசாவில் இருக்கும் பெற்றோரின் பிள்ளை, அவர்களைச் சார்ந்தவருக்கான ஹெச்-4 விசாவில் மூன்று வயதிலேயே இங்கே வந்து, இங்கேயே படித்து வளர்ந்திருக்கலாம். இந்தியர்களுக்கு கிரீன் கார்டு வரிசை அவ்வளவு நீளம். அந்தப் பிள்ளைக்குக் கூட்டாட்சி அரசின் கல்வி உதவி கிடையாது. பல கல்லூரிகள் உதவித்தொகை விஷயத்தில் அவரை வெளிநாட்டு மாணவராகவே நடத்தும். 21 வயதானால் பெற்றோரைச் சார்ந்த தகுதி பொதுவாக முடிந்துவிடும், மாணவர் விசாவுக்கு மாற வேண்டியிருக்கும். மாநிலக் கல்லூரியில் உள்ளூர்க் கட்டணம் கிடைக்குமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வெளிநாட்டு மாணவருக்கும் பணத்தேவையைப் பார்க்காமல் இடம் கொடுக்கும் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹர்ஸ்ட் போன்றவை கைவிரல் அளவுதான். எங்கள் பிரிவில் 11ஆம் வகுப்புப் படிவத்திலேயே குடியேற்ற நிலையைக் கேட்கிறோம், விருப்பமிருந்தால் மட்டும் சொல்லலாம், கோப்பில் வைக்க மாட்டோம் என்ற உறுதியோடு. ஒரு பெண் நவம்பர் மாதம் ஃபாஃப்சா நிரப்ப உட்கார்ந்தபோதுதான் தான் இந்த நாட்டுக்காரி இல்லை என்று தெரிந்துகொண்டாள். அவள் பெற்றோர் அவளிடம் சொன்னதே இல்லை. அப்படி ஒரு பிள்ளை என் எதிரே இன்னொரு முறை உட்காரக் கூடாது என்பதற்காகத்தான் அந்தக் கேள்வி.

ஆறாம் படி: பள்ளியின் கடிதம்

ஆசிரியர் வகுப்பறையைப் பற்றி எழுதுவார். ஆலோசகர் முழுப் பிள்ளையையும், அவர் நின்ற சூழலையும் எழுத வேண்டும். ஒரு பக்கம் போதும். ‘கடின உழைப்பாளி, தலைமைப் பண்பு மிக்கவர், எல்லோருக்கும் உதவுபவர்’ என்ற வரியைப் பெயர் மாற்றி யாருக்கும் போடலாம், அதனால் அது யாரையும் பற்றியதில்லை.

வேதியியல் ஆசிரியர் ஒருவர் எனக்கு அனுப்பிய குறிப்பு இது. டைட்ரேஷன் மூன்று முறையும் தவறிவிட்டது. மற்றவர்கள் நான்காம் முறைக்குத் தயாராக, இவன் மட்டும் ப்யூரெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். திருகில் ஒரு கசிவு. அதைக் கண்டுபிடித்தவன், அடுத்த வகுப்புக்காக ஒரு வெள்ளை டேப் ஒட்டி ‘கசிகிறது, பயன்படுத்தாதீர்கள்’ என்று எழுதிவிட்டுப் போனான். இதைக் கடிதத்தில் அப்படியே வைத்தேன். பண்புச் சொல் ஒன்றுகூடத் தேவைப்படவில்லை. இப்படிப்பட்ட குறிப்புகள் அக்டோபரில் கேட்டால் வராது. 10ஆம் வகுப்பிலிருந்தே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கோப்பு திறந்து, ஆசிரியர்கள் நடைபாதையில் சொல்வதைத் தேதியோடு எழுதி வையுங்கள். பெற்றோருக்கு அனுப்பும் கேள்வித்தாளிலும் சாதனைகளைக் கேட்காமல், “வீட்டில் இவர் செய்யும் ஒரு சிறு வேலை” என்று கேளுங்கள். தம்பிக்கு இன்சுலின் போடுவது, பாட்டிக்கு மருத்துவமனையில் மொழிபெயர்ப்பது என்றெல்லாம் வரும்.

குறையையும் மறைக்காதீர்கள். 10ஆம் வகுப்பில் மதிப்பெண் சரிந்ததற்குக் காரணம் இருந்தால், குடும்பத்தின் அனுமதியோடு இரண்டு வரி எழுதுங்கள். ஒழுங்கு நடவடிக்கையைக் கல்லூரிக்குத் தெரிவிப்பது பற்றிப் பள்ளிக்கு எழுத்தில் கொள்கை இருக்க வேண்டும், சம்பவம் நடப்பதற்கு முன்பே. நடந்த பிறகு எழுதினால் அது ஒரு பிள்ளைக்காக எழுதப்பட்டதாகிவிடும். 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம், சேர்க்கையில் இனத்தை ஒரு காரணியாகக் கருதக் கூடாது என்று தீர்ப்பளித்தது. ஆனால் இனம் தன் வாழ்க்கையை எப்படிப் பாதித்தது என்று மாணவர் எழுதுவதைத் தடுக்கவில்லை. எழுதலாமா கூடாதா என்று பிள்ளைகள் தயங்குகிறார்கள். எழுதலாம், எழுத வேண்டிய கட்டாயமும் இல்லை என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

ஏழாம் படி: கையெழுத்தும் அழுத்தமும்

எர்லி டிசிஷன் என்பது இடம் கிடைத்தால் வந்தே தீருவேன் என்ற வாக்கு. மாணவர், பெற்றோர், ஆலோசகர் மூவரும் கையெழுத்திடுகிறார்கள். கிடைக்கும் உதவித்தொகை போதவில்லை என்றால் விடுவிக்கக் கேட்கலாம். அதைவிட நல்ல இடம் வந்தது என்பதற்காக விலகக் கூடாது. கையெழுத்துக்கு முன் குடும்பத்தோடு இதை வாய்விட்டுப் படித்துக் காட்டுவேன். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், ஸ்டான்ஃபோர்டு வைத்திருக்கும் முன்கூட்டிய முறை வாக்கில் கட்டுவதில்லை, ஆனால் அதே நேரத்தில் வேறு எங்கெல்லாம் விண்ணப்பிக்கலாம் என்பதில் கட்டுப்பாடு உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அழுத்தம் பல உருவில் வரும். “என் மகளுக்காக ஒரு போன் போடுங்கள்” என்பார்கள். உண்மையான புதுத் தகவல் இருந்தால் எல்லாப் பிள்ளைக்கும் போடுவேன், இல்லாவிட்டால் யாருக்கும் இல்லை. ஒரு பிள்ளையை உயர்த்த இன்னொரு பிள்ளையைத் தாழ்த்திப் பேசச் சொல்வார்கள், அதற்கு உடனே மறுப்பு. பல குடும்பங்கள் வெளியே தனி ஆலோசகருக்கும் பணம் கொடுத்து வைத்திருப்பார்கள். அது அவர்கள் விருப்பம். ஆனால் பள்ளி குடும்பத்தோடு மட்டும்தான் பேசும் என்று ஜனவரிக் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். 2019 மார்ச்சில் வெளிவந்த, பெற்றோர் பணம் கொடுத்துக் கல்லூரி இடம் வாங்கிய வர்சிட்டி ப்ளூஸ் வழக்கில் பொய் விளையாட்டுச் சான்றும் தேர்வு மோசடியும் ஒரு தனி ஆலோசகர் வழியாகத்தான் நடந்தன. பிள்ளையின் செயல்பாட்டுப் பட்டியலில் பள்ளிக்குத் தெரியாத புதிய பெருமை ஒன்று முளைத்தால், கேட்டுத் தெரிந்துகொள்வது உங்கள் கடமை.

அறங்காவலர் கூட்டத்தில் “எத்தனை ஐவி?” என்று கேட்பார்கள், அதாவது ஹார்வர்டு, யேல் உள்ளிட்ட எட்டு ஐவி லீக் பல்கலைக்கழகங்களில் எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது என்று. பதிலாக, எத்தனை பேர் தங்கள் முதல் மூன்று விருப்பத்தில் ஒன்றுக்குப் போகிறார்கள், சராசரி உதவித்தொகை எவ்வளவு, ஓராண்டுக்குப் பிறகு எத்தனை பேர் அதே கல்லூரியில் நீடிக்கிறார்கள் என்ற மூன்று எண்ணைக் கொண்டுபோங்கள். முதல் ஆண்டு முகம் சுளிப்பார்கள். இரண்டாம் ஆண்டு அவர்களே அந்த எண்களைக் கேட்பார்கள்.

எட்டாம் படி: முடிவு வரும் நாள்கள்

மார்ச் கடைசியில் ஒரு மாலை, ஐவி லீக் கல்லூரிகள் எல்லாம் ஒரே நேரத்தில் முடிவை வெளியிடும். பள்ளி நேரத்தில் முடிவைத் திறந்து பார்க்க வேண்டாம் என்று பிள்ளைகளிடம் முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள். சுவரில் கொடி, பட்டியல் எதுவும் வேண்டாம். மறுநாள் காலை ஏழரைக்கே அலுவலகக் கதவு திறந்திருக்கட்டும்.

அப்படி ஒரு காலையில் ஒரு பெண் வந்து, பையைக் கழற்றாமலே நாற்காலி ஓரத்தில் உட்கார்ந்தாள். ஐந்து இடத்தில் இல்லை. நான் எதுவும் சொல்லவில்லை, தண்ணீர் வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, “நான் எதைத் தப்பாகச் செய்தேன்?” என்றாள். ஜனவரிக் கூட்டத்தில் என்ன சொன்னேனோ அதையேதான் மறுபடி சொன்னேன்: இவை எல்லோருக்கும் எட்டாக் கிளை, உன் கோப்பில் தப்பு இல்லை. அன்று ஜனவரியில் இனிப்பாக ஏதாவது சொல்லியிருந்தால் இந்தக் காலையில் அவளிடம் சொல்ல என்னிடம் வார்த்தை இருந்திருக்காது. பிறகு இடம் கிடைத்த மூன்று கல்லூரிகளின் கடிதங்களையும் மேசையில் விரித்து, உதவித்தொகையை வரிக்கு வரி பார்த்தோம். கடனையும் உதவியையும் ஒரே கூட்டல் தொகையாகக் காட்டும் கடிதங்கள் உண்டு. பிரித்து எழுதிக் காட்டுங்கள்.

மே 1க்குப் பிறகும் கைபேசி ஒலிக்கலாம். அமெரிக்க அரசின் நீதித்துறை (ஜஸ்டிஸ் டிபார்ட்மென்ட்) நடத்திய விசாரணையால் தேசியக் கல்லூரிச் சேர்க்கை ஆலோசனைச் சங்கம் 2019இல் தன் விதிகள் சிலவற்றை நீக்கியது. அதிலிருந்து, வேறு கல்லூரிக்கு உறுதி கொடுத்த மாணவரையும் இன்னொரு கல்லூரி பணம் காட்டி அழைக்கத் தடை இல்லை. அப்படி அழைப்பு வந்தால் அவசரப்படாமல் உங்களிடம் வரச் சொல்லி வையுங்கள்.

ஜூனில் இறுதி மதிப்பெண்களை அனுப்புங்கள், இரண்டு பேர் பார்த்த பிறகு. கோடையில் விடுதிப் படிவம், தடுப்பூசிச் சான்று, முதல் தவணை என்று ஏதோ ஒன்றில் தடுக்கி, இடம் கிடைத்தும் போகாமல் நின்றுவிடும் பிள்ளைகள் உண்டு, முக்கியமாகக் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகிறவர்கள். அவர்கள் பெயரைத் தனியாக எழுதி வைத்து, ஜூலையில் ஒரு முறையும் ஆகஸ்டில் ஒரு முறையும் கூப்பிடுங்கள். ப்ரொஃபைலில் புதிய பாடங்களைச் சேர்த்து, அச்சுக்குக் கொடுத்துவிட்டு, அடுத்த வகுப்பின் கோப்புகளை அலமாரியிலிருந்து எடுங்கள்.